செம்பச்சை: சொல் இருக்கிறது, நிறம் இருக்கிறதா?

தெளிநீர் எழுதியது:

செம்மஞ்சள் என்கிறோம், நீலப்பச்சை என்கிறோம், கருநீலம் என்கிறோம். இரண்டு நிறப்பெயர்களைச் சேர்த்த மாத்திரத்தில் ஒரு நிறம் கண்முன் வந்து நிற்கிறது. அதே முறையில் ‘செம்பச்சை’ என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இலக்கணம் எந்தத் தடையும் சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு முயன்றும் அச்சொல்லுக்குரிய நிறம் மனத்தில் எழவில்லை. ஒன்று, பழுப்பு வந்தது. அல்லது பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக ஒரு பரப்பு வந்தது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சிவப்பாகவும் பச்சையாகவும் இருக்கும் நிறம் வரவே இல்லை.

தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739இல் வெளியான தம் நூலில், மனத்திலுள்ள எளிய எண்ணங்கள் அனைத்தும் முன்பு புலன்வழி வந்தவற்றின் நகல்களே என்று ஒரு விதி வகுத்தார். வகுத்த கையோடு அதற்கு ஒரு விலக்கையும் அவரே காட்டினார். நீலத்தின் எல்லாச் சாயல்களையும் கண்ட ஒருவர் ஒரேயொரு சாயலை மட்டும் கண்டதில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்றவற்றை அடர்த்தியானதிலிருந்து வெளிறியது வரை வரிசையாக வைத்தால், அவர் அந்த இடத்தில் ஓர் இடைவெளியை உணர்வார். காணாத அச்சாயலைத் தம் மனத்தாலேயே நிரப்பியும் விடுவார் என்று ஹியூம் ஒப்புக்கொண்டார். பிறகு, இது மிக அபூர்வமான எடுத்துக்காட்டு, இதற்காகப் பொது விதியை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிக் கடந்துவிட்டார். தம் விதியை உடைக்கும் சான்றைத் தாமே மேசைமேல் வைத்துவிட்டு இப்படி எழுந்து போகும் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது.

என் நிலைப்பாடு இதுதான்: கண்ட நிறங்களுக்கு நடுவே உள்ளதை நினைக்கலாம், அவற்றுக்கு வெளியே உள்ளதை நினைக்க முடியாது. மறுப்பவர்கள் வெளியே உள்ள ஒரு நிறத்தையாவது காட்ட வேண்டும்.

கூம்புச்செல் எழுதியது:

வெளியே இருந்த ஒரு நிறத்தை ஏற்கெனவே ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள். நம் விழித்திரையில் நிறத்தை உணர உதவும் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. அவற்றில் நடு அலைநீள வகை ஏறத்தாழ 530 நானோமீட்டரிலும், நெடு அலைநீள வகை ஏறத்தாழ 560 நானோமீட்டரிலும் உச்ச உணர்வு கொள்கின்றன. இவ்விரண்டும் இவ்வளவு நெருங்கி இருப்பதால், நடு வகையைத் தூண்டும் எந்த ஒளியும் அண்டை வகையையும் சேர்த்தே தூண்டிவிடும். நடு வகை மட்டும் தனித்துத் தூண்டப்பட்டால் என்ன தெரியும் என்ற கேள்விக்கு, ஆகவே, இயற்கையில் விடை கிடையாது.

2025 ஏப்ரலில், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த விடையை ஓர் ஆய்வுக் கட்டுரையில் வெளியிட்டார்கள். விழித்திரையின் ஒரு சிறு பகுதியில் எந்தச் செல் எந்த வகை என்று முதலில் வரைபடம் எடுத்தார்கள். பிறகு, கண்ணின் நுண்ணிய அசைவுகளை விடாது பின்தொடர்ந்தபடி, நடு வகைச் செல்களின்மேல் மட்டும் லேசர் ஒளி விழுமாறு செய்தார்கள். முழுநிலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அளவுள்ள ஒரு கட்டத்தில், பங்கேற்றவர்கள் தாம் அதுவரை கண்டிராத செறிவுள்ள ஒரு நீலப்பச்சையைக் கண்டார்கள். அதற்கு ‘ஓலோ’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று வகைச் செல்களின் நிலையைச் சுழியம், ஒன்று, சுழியம் (010) என்று எழுதி, அதை ஆங்கில எழுத்துகளாக (olo) படித்துப் பார்த்தால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். தாங்கள் கேட்ட ‘ஒரு நிறத்தையாவது’ என்பதற்கு இது போதுமல்லவா?

தெளிநீர் எழுதியது:

அந்த ஐவரில் மூவர் அக்கட்டுரையின் ஆசிரியர்களே என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் நான் கேட்டது காண்பதைப் பற்றி அன்று, நினைப்பதைப் பற்றி. லேசர் கருவி இல்லாமல், தங்கள் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு நான் ஓலோவை மனத்தில் காண முடியுமா? முடியவில்லை. நானறிந்த நீலப்பச்சைதான் வருகிறது.

இடைவெளி எழுதியது:

தெளிநீர் அவர்கள் வந்து சேரும் முடிவு சரி, ஆனால் வழி தவறு. கூம்புச்செல் அவர்களுக்கோ இரண்டுமே தவறு என்பது என் பணிவான கருத்து.

ஓலோவைக் கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அதைச் சாதாரண ஒளியோடு ஒப்பிட்டுப் பொருத்தச் சொன்னபோது, ஓலோவோடு வெண்மையைக் கலந்து அதன் செறிவைக் குறைத்த பிறகே பொருத்தம் கிடைத்தது. செறிவு குறைந்ததும் அது நாம் அனைவரும் அறிந்த நீலப்பச்சையாக வந்து நின்றது. அதாவது, அவர்கள் பழைய பாதையில்தான் சென்றார்கள். பிறர் நின்ற இடத்தைத் தாண்டிச் சில அடி சென்றார்கள். அதைப் புதிய செறிவு என்று சொல்லலாம். புதிய சாயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செம்பச்சை அப்படிப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் உடலியலாளர் எவால்ட் ஹெரிங் சுட்டிக்காட்டியது போல, சிவப்பு ஒரு பக்கம் மஞ்சளை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் நகரலாம். பச்சையும் அவ்வாறே நகரலாம். ஆனால் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று நோக்கி நகர்வதில்லை. ‘வடமேற்கு’ என்று ஒரு திசை உண்டு. ‘வடதெற்கு’ என்று ஒன்று இல்லை. எவரும் அங்கே போய்ப் பார்க்காததால் அது இல்லாமல் போகவில்லை. ‘வடக்கு’, ‘தெற்கு’ என்ற சொற்களை நாம் ஆளும் முறையிலேயே அதற்கு இடமில்லை. ஆகவே தெளிநீர் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முயன்றது வீண் வேலை. அவருடைய கற்பனையில் குறைவில்லை. முயல்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் தம் வாழ்வின் கடைசிக் காலத்தில், 1950க்கும் 1951க்கும் இடையே, நிறங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளில் இதே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். பச்சைக் கண்ணாடி ஒளி ஊடுருவக் கூடியதாக இருக்கிறது, ஒளி ஊடுருவும் வெள்ளை மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். இயற்பியலை எதிர்பார்த்து எழுந்த கேள்வியன்று அது. ‘வெள்ளை’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றியது.

அச்சுமை எழுதியது:

நான் அச்சுத்தொழிலில் இருப்பவன். தத்துவம் பயின்றவன் அல்லன். இருந்தாலும் கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மை அலமாரியில் ‘டிரான்ஸ்பரன்ட் ஒயிட்’ என்று பெயர் ஒட்டிய டப்பாவே இருக்கிறது. விட்கென்ஸ்டைன் இல்லை என்று சொன்னதை நாங்கள் கிலோ கணக்கில் வாங்குகிறோம்.

ஆனால் டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளிப் பார்த்தால் இடைவெளி அவர்களுக்கே வெற்றி. அது வெளிறிய பசை போல் இருக்கும். கறுப்புத் தாளில் மெல்லத் தடவினால் ஒன்றுமே தெரியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மற்ற மைகளின் அடர்த்தியைக் குறைப்பதற்கு மட்டுமே அது பயன்படுகிறது. உண்மையில் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால், ஒளிபுகா வெள்ளை மை வேறாக இருக்கிறது. தெளிந்த பிலிமில் அச்சிடும்போது வண்ணங்களுக்கு அடியில் அதைத்தான் முதலில் கொடுப்போம். ஆக, வெள்ளையாக இருப்பது மறைக்கிறது, மறைக்காதது வெள்ளையாக இல்லை.

இன்னொன்று. தெளிநீர் அவர்கள் செம்பச்சையைத் தேடியபோது பழுப்பு வந்தது என்கிறார். பழுப்பு என்பதே விசித்திரமான நிறம். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு பழுப்புக் கட்டத்தை அச்சிட்டு, கறுப்புத் தாளைக் குழல்போல் சுருட்டி, சுற்றிலும் உள்ள வெள்ளை தெரியாதபடி அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால், அது மங்கலான செம்மஞ்சளாகத் தெரியும். குழலை எடுத்தால் மறுபடி பழுப்பு. கண்ணுக்கு வரும் ஒளி மாறவே இல்லை. எனவே கூம்புச் செல்களின் கணக்கு மட்டும் நிறத்தை முடிவு செய்வதில்லை என்பதைக் கூம்புச்செல் அவர்கள் கவனிக்க வேண்டும்.

கூம்புச்செல் எழுதியது:

அச்சுமை அவர்களின் குழல் சோதனையை மறுக்கவில்லை. கூம்புச் செல்களிலிருந்து வரும் குறிப்புகளை அடுத்தடுத்த நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கழித்துத்தான் நிறத்தை உருவாக்குகின்றன. சிவப்பும் பச்சையும் சேராததற்கும் அந்தக் கழித்தலே காரணம். இதைத்தான் இடைவெளி அவர்கள் சொல்லாட்சியின் விதி என்று எண்ணிக்கொள்கிறார். நரம்பின் விதியை ஒரு கருவியால் ஏமாற்றலாம். திசைகளின் விதியை எந்தக் கருவியாலும் ஏமாற்ற முடியாது. இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு.

1983இல் ஹியூவிட் கிரேன், தாமஸ் பியாந்தனிடா என்ற ஆய்வாளர்கள் சிவப்புப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் ஒட்டி வைத்து, பார்ப்பவரின் கண் அசையும்போதெல்லாம் படமும் அதே அளவு அசையுமாறு அமைத்தார்கள். அதனால் இரு பட்டைகளின் எல்லைக்கோடு விழித்திரையில் ஒரே இடத்தில் நிலைத்து நின்றது. அப்படி அசையாமல் நிற்கும் கோடு சிறிது நேரத்தில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கோடு மறைந்ததும் இரு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று பரவின. சிலருக்குச் சிவப்பும் பச்சையுமான நுண்புள்ளிகள் தெரிந்தன. வேறு சிலரோ, ஒரே பரப்பு ஒரே நேரத்தில் சிவந்தும் பசுத்தும் இருந்தது என்றார்கள். அதற்குப் பெயர் சொல்லத் திணறினார்கள். தெளிநீர் அவர்களுக்காக இன்னொரு செய்தி: சோதனை முடிந்த பின்னும் சிறிது காலம் அந்த நிறத்தை மனத்தில் நினைத்துப் பார்க்க முடிந்தது என்று சிலர் கூறியிருக்கிறார்கள்.

இடைவெளி எழுதியது:

2006இல் ஷியே, சே என்ற ஆய்வாளர்கள் இருவர் எல்லைக்கோடு மறையும் இதே நிகழ்வை வேறு முறையில் உண்டாக்கி, கண்ட நிறத்தை வாயால் சொல்லச் சொல்லாமல் வண்ணப் பலகையில் பொருத்திக் காட்டச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் பொருத்திக் காட்டிவிட்டார்கள். சாதாரணப் பலகையில் இருக்கும் கலப்பு நிறங்களே அவை. தடைசெய்யப்பட்ட நிறம் எதுவும் இல்லை என்பது அவர்களின் முடிவு. தெளிநீர் அவர்களின் பழுப்பை இங்கே நினைவுகூரலாம்.

கூம்புச்செல் எழுதியது:

அது 1983இன் சோதனையன்று. கண் அசைவைப் பின்தொடரும் கருவி அதில் இல்லை. மேலும், 2001இல் பில்லாக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இரு பட்டைகளின் ஒளிர்வையும் பார்ப்பவருக்குச் சமமாகத் தோன்றும்படி சரிசெய்து கிரேனின் முறையைத் திரும்பச் செய்தபோது, செம்பச்சை இன்னும் தெளிவாகக் கிடைத்தது. கிடைக்காத முறையில் கிடைக்கவில்லை என்பது மறுப்பாகாது.

இடைவெளி எழுதியது:

கருவியைப் பற்றிய தங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனாலும் என் ஐயம் தீரவில்லை. ஒருவர் வெளியே வந்து ‘சிவப்பும் பச்சையும் ஒருசேரக் கண்டேன்’ என்றால், அவர் கண்டதை அப்பெயரால் அழைப்பது சரி என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? இன்னொரு பொருளைக் காட்டி ‘இதுவும் செம்பச்சை’ என்று அவரால் சொல்ல முடியாது. தாம் சொன்னதைத் தாமே சரிபார்க்கவும் அவருக்கு வழியில்லை. ஒரே ஒருமுறை, ஒரே கருவியின் முன் பயன்பட்ட சொல் நிறப்பெயராகிவிடுமா?

பச்சைகாணான் எழுதியது:

தாமதமாக நுழைவதற்குப் பொறுத்தருள்க. எனக்குப் பிறவியிலேயே நடு அலைநீளக் கூம்புச் செல்கள் இல்லை. நீங்கள் அனைவரும் சிவப்பும் பச்சையும் சேராது என்று நூறு ஆண்டுகளாக வியந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அவை பிரிவதே இல்லை.

கைப்பேசி சார்ஜரின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அதற்காகச் சிவப்பு நிறக் கண்ணாடித்தாள் துண்டு ஒன்றைப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அதை விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தால், விளக்கு சிவப்பாக இருக்கும்போது ஒளி அப்படியே வரும். பச்சையாக இருக்கும்போது ஏறக்குறைய அணைந்துவிடும். இந்தத் தாளைக்கொண்டு எந்தப் பொருளையும் நான் சரியாக வகைப்படுத்திவிடுவேன். தவறு அநேகமாக நேராது. ஆனால் பிரித்தறிந்தேனே ஒழிய, பச்சையைக் கண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஹியூமின் மனிதர் காணாத நீலத்தின் இடத்தில் இடைவெளியை உணர்வார் என்று தெளிநீர் அவர்கள் எழுதியிருந்தார். எனக்கு அப்படி எந்த இடைவெளியும் தெரியவில்லை. என் உலகில் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. எல்லாம் முழுமையாக நிரம்பியிருக்கிறது. வேதியியலாளர் ஜான் டால்டனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஜெரானியம் பூ ஒன்று பகலில் ஏறக்குறைய வான்நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்ததை அவர் 1792இல் எதேச்சையாகக் கவனித்தார். மற்றவர்களை விசாரித்த பிறகே தம் பார்வை வேறுபட்டது என்பதை அறிந்தார். அப்போது அவருக்கு வயது 26. தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்று எண்ணி, இறந்த பிறகு அறுத்துப் பார்க்கச் சொன்னார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தபோதுதான், எனக்கு இல்லாத அதே வகைச் செல் அவருக்கும் இல்லை என்று தெரிந்தது.

ஓலோவின் இடத்தில் உங்களில் யாருக்காவது 2025க்கு முன் ஓட்டை தெரிந்ததா?

தெளிநீர் எழுதியது:

இல்லை. நேர்மையாகச் சொன்னால், இப்போதும் தெரியவில்லை.

தங்கள் கண்ணாடித்தாள் என்னை ஒரு பழைய வாதத்துக்குக் கொண்டுபோகிறது. கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்து, நிறத்தைப் பற்றிய அறிவியல் முழுவதையும் கற்ற மேரி என்ற பெண்ணைத் தத்துவ அறிஞர் ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் கற்பனை செய்தார். அவள் வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைக் காணும்போது புதிதாக ஒன்றை அறிகிறாளா என்பது அவர் கேள்வி. ஆனால் மேரியைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. க்னுட் நோர்ட்பி என்ற நார்வே நாட்டு அறிவியலாளர் பிறவியிலேயே நிறம் எதையும் காணாதவர். பார்வை பற்றிய ஆய்வே அவர் தொழில். நிறங்களின் இயற்பியலையும் உடலியலையும் முழுமையாகக் கற்றும், நிறம் என்பது உண்மையில் எப்படிப்பட்டது என்று அறிய அவை தமக்கு உதவவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். என் நிலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கூம்புச்செல் எழுதியது:

நோர்ட்பிக்கு நிறத்தின் ஒரு படிகூட இல்லை. ஏறுவதற்கு ஏணியே இல்லை. நமக்கு ஏணி இருக்கிறது. தத்துவ அறிஞர் பால் சர்ச்லேண்ட் 2005இல் செய்ததைத் தாங்களே திரையில் செய்து பார்க்கலாம். நரம்புகள் எதிரெதிராக இயங்கும் கணக்கைக்கொண்டு, இயற்கையில் எந்தப் பொருளுக்கும் இருக்க முடியாத சில நிறங்களை அவர் முன்கூட்டியே கணித்தார். அவற்றில் ஒன்று, கறுப்பைப் போல் இருண்டதாகவும் அதே நேரத்தில் ஐயமற நீலமாகவும் இருக்கும் நிறம். பளிச்சென்ற மஞ்சள் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே ஒரு நிமிடம் இமைக்காமல் பாருங்கள். பிறகு பார்வையை முழுக் கறுப்புப் பரப்புக்கு மாற்றுங்கள்.

இடைவெளி எழுதியது:

இது பின்பிம்பம். மஞ்சளைப் பார்த்துக் களைத்த கண் நீலத்தைக் காட்டும் என்பது பழைய செய்தி.

கூம்புச்செல் எழுதியது:

வெள்ளைப் பரப்பில் காண்பது பழைய செய்தி. கறுப்பில் பாருங்கள்.

தெளிநீர் எழுதியது:

செய்து பார்த்தேன், நான்கு முறை. தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன், ‘கறுப்பைப் போல் இருண்ட நீலம்’ என்ற சொற்களைக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். வழக்கமான கருநீலம்தான் வந்தது, மையின் நிறம். ஒரு நிமிடம் மஞ்சளை உற்றுப் பார்த்தபோது கட்டத்தின் ஓரங்கள் அலைந்தன, மஞ்சள் சற்று வெளுத்தது. பார்வையைக் கறுப்புக்கு மாற்றியதும் முதலில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நொடிகளில் ஒரு சதுரம் மேலெழுந்தது. மையின் கருநீலத்தை அருகில் வைத்தால் அது திரையின் கறுப்பைவிட வெளிச்சமாகவே தெரியும். இந்தச் சதுரம் அப்படி இல்லை. சுற்றியிருந்த கறுப்பைவிட இது துளியும் வெளிச்சமாக இல்லை, ஒரு வேளை அதைவிட இருண்டிருந்தது; ஆனால் நீலம் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. கண்ணை இமைத்தபோது அழிந்து, மறுபடி வந்தது.

இங்கே என் நிலைப்பாட்டில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. சோதனைக்கு முன் அந்தச் சொற்கள் எனக்குத் தவறான நிறத்தையே தந்தன. கண்ட பிறகு, அதே சொற்கள் முற்றிலும் சரியானவை என்று தெரிந்தது. சொல் முன்னே போய்க் காத்திருந்திருக்கிறது. அப்படியானால் ‘செம்பச்சை’யும் அவ்வாறே காத்திருக்கும் சொல்லாக இருக்கலாம் என்பதை இனி நான் ஒரேயடியாக மறுக்க முடியாது. முயல்வதற்கே அங்கு எதுவும் இல்லை என்ற இடைவெளி அவர்களின் கூற்றையும் ஏற்க முடியவில்லை. ஆனால் காணாமல் நினைக்க முடியாது என்பதை இப்போதும் விடவில்லை. இன்னும் உறுதியாகவே சொல்கிறேன்.

அச்சுமை எழுதியது:

நானும் பார்த்தேன். இந்த நிறத்தை எவராவது அச்சில் கேட்டால் என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கறுப்பு மைமேல் எந்த நீலத்தை ஏற்றினாலும் அது தாளில் பளபளப்பாகத்தான் தெரியும்.

இடைவெளி எழுதியது:

தெளிநீர் அவர்களே, தாங்கள் கண்டதை எனக்கு எப்படிச் சொன்னீர்கள்? ‘நீலம்’, ‘இருண்டது’ என்ற பழைய சொற்களால் சொன்னீர்கள். நானும் பார்த்துவிட்டு, சரியாகச் சொன்னீர்கள் என்று ஒப்புக்கொண்டேன். நீலமும் இருளும் நம் சொல்லாட்சியில் பகையல்ல. சிவப்பும் பச்சையும் பகை. இந்த ஒன்றில் நான் அசையவில்லை. கிரேனின் கருவி முன் நானே அமர்ந்தால் அசைவேனா என்று கேட்பீர்கள்; அமரும்வரை அதற்கு விடை சொல்வது நாணயமாக இருக்காது.

பச்சைகாணான் எழுதியது:

நீங்கள் எல்லோரும் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். மஞ்சளும் நீலமும் எனக்கு நன்றாகவே தெரியும் என்பதால் தயக்கம் இல்லை. தெளிநீர் அவர்கள் எழுதியதில் மாற்றுவதற்கு ஒரு சொல்கூட என்னிடம் இல்லை: கறுப்பைவிட வெளிச்சமற்றது, ஐயமற நீலம், இமைத்தால் அழிந்து மறுபடி வருகிறது.

பிறகு அதே கறுப்புப் பரப்பை வைத்துக்கொண்டு, மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சைக் கட்டம் வைத்துப் பார்த்தேன். பச்சை என்பது திரையில் எழுதியிருந்ததால் எனக்குத் தெரியும். உங்களுக்கு இதில் சிவப்பு கலந்த ஏதோ ஒன்று எழும் என்று நினைக்கிறேன். எனக்கு முன்பு வந்த அதே நீலம்தான் வந்தது, சற்று மங்கலாக.